நவமியன்று அணைந்த ஹீட்டர்

இப்போது நான் வேலைக்குப் போகிற கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் இருக்கிறது. ஏழாவது மாடி, ஒன்பதாவது மாடி என்று பொத்தானை அமுக்கினால் கருவிப் பையோடு கொண்டுபோய் மேலே இறக்கிவிடுகிறது. மொட்டை மாடியில் நின்று பார்த்தால் தெரிவது பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியும், அதன் குழாயில் யாரோ காயப்போட்ட லுங்கியும்தான். வேலை நல்ல வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மதியம் ஏதாவதொரு இயந்திரத்தின் நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, நான் முதன்முதலாக என் கையெழுத்தைப் போட்டு ஓடவிட்ட இயந்திரமும் அது நிற்கிற மாடியும் நினைவுக்கு வந்துவிடும்.

அதை மாடி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். தரைத்தளம் மட்டும் கட்டி, மேலே கான்கிரீட் போட்டு, ஓர் இரும்பு ஏணியைச் சாத்தியிருந்தார்கள். சின்னமனூருக்கும் மார்க்கையன்கோட்டைக்கும் நடுவே வாழைத் தோட்டங்களுக்குள் அந்தக் கட்டடம் இருந்தது. மேலே ஏறினால் வாழை இலைகள் நம் இடுப்பு உயரத்தில் அலையடிக்கும். அவற்றைத் தாண்டித் தென்னை, அதையும் தாண்டி மேற்கே மலை. ஆனி மாதம் என்பதால் கணவாய் வழியாக வருகிற காற்று நாள் முழுக்க ஓயவில்லை. பேசுவதென்றால் ஒருவர் காதுக்குள் ஒருவர் கத்த வேண்டும். கேரளப் பக்கம் மழை பெய்வதை அந்தக் காற்றின் ஈரத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

அது வாழைக்கன்று வளர்க்கிற ஆய்வுக்கூடம். கிழங்கு வெட்டி நடுகிற கன்று இல்லை. கண்ணாடி பாட்டிலுக்குள் கூழ் மாதிரி ஒன்றை ஊற்றி, அதில் சுண்டுவிரல் நகமளவு வாழைத் திசுவை வைத்து வளர்ப்பார்கள். பாட்டில்கள் அடுக்கிய அறை வருஷம் முழுக்க ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும். சித்திரையில் குளிர்விக்க வேண்டும். மார்கழி விடியலில் மலைக்குளிர் இறங்கும்போது சூடாக்க வேண்டும். மெக்கானிக்கின் செருப்புத் தூசிகூட உள்ளே போகக் கூடாது என்பதால் கம்ப்ரசர், விசிறி, காயில் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய யூனிட்டை மாடியில் வைத்து, தளத்தில் இரண்டு துளை போட்டுக் காற்று போகிற டக்ட் குழாய்களை இறக்குவது என்று முடிவாகியிருந்தது. குளிரும் சூடும் ஒரே இயந்திரத்திலிருந்து.

மதுரையில் இருந்த என் கம்பெனி அந்த வேலையை என்னிடம் கொடுத்தது. அதற்குமுன் பத்துப் பதினைந்து இடங்களுக்கு மற்றவர்களோடு போயிருக்கிறேன். கையெழுத்துப் போடுகிற இடத்தில் எப்போதும் வேறொருவர் பெயர் இருக்கும். இந்த முறை, இயந்திரத்தை முதலில் ஓடவிடும்போது நிரப்புகிற ஸ்டார்ட்-அப் தாளின் கடைசி வரியில் என் பெயர் அச்சாகியே வந்திருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்த முதல் ஆளும் நான்தான். அந்தத் தாளை மடிக்க மனமில்லாமல் ஓர் அட்டைக்குள் செருகி வைத்திருந்தேன்.

அந்த ஆய்வுக்கூடத்துக்கும் சுற்றியுள்ள வாழைக்கும் சொந்தக்காரரான தோட்டக்காரரிடம்தான் என் அம்மா பல வருஷங்களாகக் களை எடுத்துக்கொண்டும் வாழைத்தார் சுமந்துகொண்டும் இருந்தாள் என்பதைக் கம்பெனிக்கு நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை.

தோட்டக்காரருக்கு என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

“ஏம்மா, நீ நம்ம தோட்டத்துல தார் சொமக்குறாளே, அவ மகதான?”

“ஆமாங்கய்யா.”

“அப்ப ஓங்கூட வர்ற இஞ்சினியரு எங்க?”

என்னோடு வந்திருந்த எலெக்ட்ரீசியன் கம்பம் ஊர்க்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாயில் பிடித்திருந்த ஸ்குரூவைக் கையில் எடுத்துக்கொண்டு, “இவுகதான் இஞ்சினியரு. நான் இவுகளுக்கு ஏணி பிடிக்க வந்தவன்” என்றார். தோட்டக்காரர் சிரித்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அண்ணனின் கிண்டலுக்கு நான் நன்றி சொன்னதில்லை. சொன்னால் அதையும் கிண்டல் செய்திருப்பார்.

பெட்டியை மாடியில் ஏற்றியது விடிந்தும் விடியாத நேரத்தில். ஒன்பது மணிக்குமேல் காற்று வலுத்துவிடும். “காத்து ஏறுனப்புறம் தூக்கச் சொன்னா பொட்டி பட்டமாயிரும், நான் வாலாயிருவேன்” என்று கிரேன்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். பெட்டியை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஒரே கவலை, கீழே உத்தரம் ஓடுகிற இடத்தில் பாரம் உட்கார வேண்டும். தோட்டக்காரருக்கு ஒரே கவலை, சூடாகிற பொருள் அக்னி மூலையில் இருக்க வேண்டும். நல்லவேளையாக உத்தரமும் வாஸ்துவும் அங்கே ஒத்துப்போயின. பெட்டியின் இரண்டு மூலைகளில் கயிறு கட்டி, ஆளுக்கொன்றாகப் பிடித்துத் திருப்பிக்கொண்டே, ரப்பர் மெத்தை வைத்த இரும்புச் சட்டத்தின் மேல் இறக்கினோம். பெட்டிக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது என்று நான் போட்ட கூச்சலில் வாழைக்குள் இருந்த கொக்குகள் பறந்தன. தூரத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் அம்மாவும் இருந்தாள். பெட்டி உட்கார்ந்ததும் யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். அது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இயந்திரத்தை முதன்முதலாக ஓடவிட ஒரு நேரம் குறித்திருந்தார்கள். தசமி, காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள். ஆனியில் அதுதான் கடைசி முகூர்த்தம். அதைத் தவறவிட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் எதையும் தொடங்க மாட்டார்கள். பிறகு ஆவணிதான்.

எனக்கு வேறொரு கணக்கு இருந்தது. கம்ப்ரசரின் அடியில் ஆயில் இருக்கிறது. இயந்திரம் ஓடாமல் கிடக்கும்போது குளிரைத் தருகிற கேஸ் போய் அந்த ஆயிலுக்குள் கலந்துவிடும். அப்படியே திடீரென்று ஓடவிட்டால் குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ஆயில் நுரைத்துப் பொங்கி வெளியே போய்விடும். உள்ளே சுற்றுகிற பாகங்கள் எண்ணெயில்லாமல் தேயும். சில சமயம் முதல் நிமிடத்திலேயே கம்ப்ரசர் போய்விடும். அதைத் தடுக்கத்தான் அதன் அடிவயிற்றில் ஒரு ஹீட்டரைச் சுற்றியிருப்பார்கள். மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு, இயந்திரத்தை ஓடவிடாமல், அந்த ஹீட்டரை மட்டும் ஒரு முழு நாள் எரியவிட வேண்டும். சூட்டில் கேஸ் ஆயிலைவிட்டுப் பிரிந்துவிடும். தாளில் அதற்கென்றே தனி வரி உண்டு.

அதனால் நவமியன்று காலை ஒன்பது மணிக்கே எல்லா இணைப்பையும் முடித்து, எர்த் சரிபார்த்து, மெயின் சுவிட்சின் கைப்பிடியை மேலே தூக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கம்ப்ரசரை ஓடவிடுகிற சுவிட்சை அணைத்தே வைத்திருந்தேன். மறுநாள் ஒன்பதே காலுக்குக் கணக்குச் சரியாக வரும். ஓர் அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதினேன்: “ஹீட்டர் ஓடுகிறது. அணைக்காதீர்கள்.” அதைக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டேன். அணைக்கவே முடியாதபடி பூட்டலாமா என்று அண்ணன் கேட்டார். கூடாது. ஏதாவது ஆபத்து என்றால் யாரும் ஓடிவந்து இழுத்து அணைக்க முடிய வேண்டும். அட்டைதான் முறை.

மதியம் அம்மா எனக்குச் சோறு கொண்டுவந்தாள். ஏணியில் அவள் ஏறிய வேகத்தைப் பார்த்து அண்ணன், “ஆத்தா, நீங்க வேலைக்கு வர்றீகளா? இவுக ஏறுறதுக்குள்ள ஆடி வந்துருது” என்றார். அம்மா பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். புடவை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, எதன்மேலும் படாமல், சாமி சப்பரத்தைச் சுற்றுகிற மாதிரி.

“இது எல்லாம் ஒனக்குத் தெரியுமா ஆத்தா?” என்று என்னைக் கேட்டாள்.

“தெரியும்.”

“இந்தக் கைப்பிடி என்னத்துக்கு?”

எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. “இதான் மெயினு. ஏதாச்சும் ஆபத்துன்னா, பொகை வந்தா, யாருக்காச்சும் கரண்டு சாக்கு அடிச்சா, ஓடி வந்து இதைக் கீழ இழுத்துரணும். இழுத்தா எல்லாம் நின்னுரும். நீகூட இழுக்கலாம்” என்று செய்துகாட்டுவது போலக் கையை ஆட்டினேன்.

அவள் தலையாட்டினாள். நான் சொன்னதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

ஐந்து மணிக்கு நானும் அண்ணனும் இறங்கிவிட்டோம். மறுநாள் பூஜைக்காகக் கட்டடத்தைக் கழுவி, மாடியில் மாக்கோலம் போடுகிற வேலை அம்மாவுக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும் இருந்தது.

தசமி காலை எட்டு மணிக்கு நான் ஏறியபோது மாடியே மாறியிருந்தது. பெட்டியைச் சுற்றி அழகான கோலம். நான்கு கால்களிலும் எலுமிச்சம்பழம். மூடியின்மேல் செவந்தி மாலை, காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு செங்கல். மெயின் சுவிட்சின் கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை.

பக்கத்து மூடியைக் கழற்றிக் கம்ப்ரசரின் அடியில் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருக்க வேண்டிய இடம் வாய்க்கால் கல் மாதிரிக் குளிர்ந்துகிடந்தது. சூடு போய் வெகுநேரமாகியிருந்தது. முதல் நாள் மாலையிலேயே அணைத்திருக்க வேண்டும்.

கை தன்னால் கைப்பிடிக்குப் போயிற்று. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் எறக்குனாகன்னு தெரியாம ஏத்தாதம்மா. எவனாச்சும் எங்கனயாச்சும் வயர்ல கை வச்சிருந்தா?”

அது சரி. வகுப்பில் நான் படித்ததும் அதுதான். கையை எடுத்தேன். அப்போதுதான் அட்டையைப் பார்த்தேன். என் எழுத்தின்மேல், ‘ஹீட்டர்’ என்ற சொல்லுக்குச் சற்று மேலே, மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தி வைத்த பொட்டு. எங்கள் வீட்டு நிலையிலும், என் டிப்ளமோ சான்றிதழின் கண்ணாடியிலும் இருக்கிற அதே பொட்டு.

யார் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை.

கீழிருந்து ஆட்கள் ஏறிவரத் தொடங்கினார்கள். ஐயர், தோட்டக்காரர், பட்டுச்சேலை காற்றில் பறக்காமல் செருகிக்கொண்டு அவர் மனைவி, சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர். வேலையாட்கள் ஏணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். அம்மா அவர்களுக்குப் பின்னால் இருந்தாள். தலைக்குக் குளித்து, நான் முதல் சம்பளத்தில் எடுத்துக்கொடுத்த சேலையைக் கட்டியிருந்தாள்.

நான் தோட்டக்காரரிடம் போய், ராத்திரி ஹீட்டர் அணைந்துவிட்டது, இன்று கம்ப்ரசரை ஓடவிட முடியாது, நாளைக்குத்தான் என்று சொன்னேன். காற்றில் ஒரு பாதிதான் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் ‘நாளைக்கு’ என்பது தெளிவாகக் கேட்டுவிட்டது.

“நாளைக்கா? நாள் குறிச்சு ஒரு மாசம் ஆச்சு. ஊரக் கூட்டி வச்சுருக்கேன். ஐயரு வந்துட்டாக. இன்னைக்கு விட்டா ஆவணி, தெரியும்ல?”

“தெரியும்ங்கய்யா. இப்ப ஓட்டுனா மெசின் போயிரும்.”

“ஒரு நிமிசம் ஓட்டிக் காமி. படம் எடுத்துக்கிறோம். அப்புறம் அணைச்சுக்க. நாளைக்கு ஒன் இஷ்டத்துக்கு ஓட்டு.”

“அந்த ஒரு நிமிசத்துலதேன் ஐயா போகும்.”

கம்பெனியில் ‘தான்’ என்று பேசிப் பழகிவிட்ட என் வாயில் எங்கள் ஊர்த் ‘தேன்’ தானாக வந்துவிட்டது.

அவர் திரும்பி எல்லாரையும் பார்த்தார். “எவன் அணைச்சது? நேத்துக் கடைசியா எறங்குனது யாரு?” பார்வை அண்ணனிடம் வந்து நின்றது. “ஏம்ப்பா, நீதான கரண்டு வேல பாக்குறது?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இறங்கினோம் என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் கேள்வி கோலம் போட வந்த பெண்கள்மேல் திரும்பும். அந்தத் தோட்டத்தில் யாரையும் வேலையைவிட்டு நிறுத்துவதாக நேராகச் சொல்வதில்லை. “நாளைக்கு ஆள் வேணாம்” என்பார்கள். மறுநாளும் அதையே சொல்வார்கள். நான்காவது நாள் அவர்களே புரிந்துகொண்டு வேறு தோட்டம் தேடிப் போவார்கள். போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அப்படி நடந்திருந்தது. வாய்க்கால் மடையைத் தவறாகத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான். அதை நினைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் இருக்கும், ஐயர் கற்பூரத்துக்குத் தீப்பெட்டியை இரண்டு முறை உரசிப் பார்க்கிற நேரம் இருக்கும். அந்த நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பிடிக்காது.

அண்ணன் என் காதருகே குனிந்து, “விசிறிய மட்டும் ஓட்டிருவோமா? காத்து வரும். ஒருத்தருக்கும் தெரியாது” என்றார்.

விசிறியை ஓட்டினால் இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பழைய அறையிலிருந்து பாட்டில்களை ஏற்றிக்கொண்டு வேன் கீழே நின்றிருந்தது. குளிர் ஓடுகிறது என்று நம்பி அவற்றை உள்ளே அடுக்கிவிடுவார்கள். மதியத்துக்குள் அத்தனையும் வெந்துவிடும். நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

“அவுகள ஏன் கேக்குறீக?” என்று ஏணிப் பக்கமிருந்து குரல் வந்தது. “நாந்தேன் எறக்குனேன்.”

அம்மா முன்னால் வந்தாள். தோட்டக்காரருக்கு உடனே விளங்கவில்லை.

“நீயா? ஒனக்கு அதுல என்ன வேல?”

“நேத்து நவமிங்கய்யா. கோலம் போட வந்தேன். செவப்பு வெளக்கு எரிஞ்சுச்சு. எம் மக மொதமொதல்ல தொடங்குற மெசினு, நவமியிலயே ஓடுதேன்னு ஒரு மாதிரி ஆயிருச்சு. மறந்துட்டுப் போயிட்டா போலன்னு எறக்கி வச்சேன். கீழ இழுத்தா நின்னுரும்னு அவதேன் சொன்னா.”

யாரோ ஒருவர் சிரித்தார். “அட்டைல இம்புட்டுப் பெருசா எழுதியிருக்கே, கண்ணு தெரியல?” என்றார் இன்னொருவர்.

“கண்ணு தெரியுது. எழுத்துதேன் தெரியல” என்றாள் அம்மா. அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வெட்கப்பட்டும் சொல்லவில்லை.

எனக்குத்தான் முகம் எரிந்தது. அந்த அட்டையை நான் எழுதிய பெருமையை நினைத்தேன். எழுத்துகளைச் சரியாக இடைவெளி விட்டு, இரண்டு முறை தடித்து எழுதினேன். அன்று மாலை அந்த மாடிக்கு வரப்போகிற மூன்று பெண்களில் ஒருத்திக்கும் படிக்கத் தெரியாது என்பது உலகத்தில் மற்ற யாரையும்விட எனக்குத் தெரியும். நான் அவர்களுக்கு நடுவில் வளர்ந்தவள்.

தோட்டக்காரர் அம்மாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் மனைவி குறுக்கே வந்தார்.

“இருங்க. அவ செஞ்சதுல என்ன தப்பு? நவமியில எவளாச்சும் புது வீட்டுல அடுப்பு மூட்டுவாளா?” பிறகு என்னிடம் திரும்பினார். “ஏத்தா, அந்த ஈட்டரு எதுக்குன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லு.”

சொன்னேன். ஆயில், கேஸ், சோடா பாட்டில், ஒரு நாள் சூடு, எல்லாம்.

“அப்ப மொதல்ல சூடு பண்ணனும். சூடாகி நேரமானாத்தான் மெசின் ஓடும்.”

“ஆமாம்மா.”

“அப்ப அது அடுப்புத்தான?”

“அடுப்பு மாதிரித்தேன்.”

அவர் புருஷனிடம் சொன்னார், “பால் காய்ச்சுறதுக்கு நேரம் பாக்குறோம். அடுப்பப் பத்த வைக்கிறதுக்குத்தான் நேரம். பாலு எப்பப் பொங்குனா என்ன, அன்னைக்குச் சமைச்சா என்ன, மறுநாள் சமைச்சா என்ன? நேரம் இன்னும் போகல. இப்ப அடுப்ப மூட்டுங்க. சோறு நாளைக்கு வேகட்டும். ஐயரே, நான் சொல்றது சரிதானே?”

ஐயருக்குப் பத்தரைக்கு உத்தமபாளையத்தில் இன்னொரு வேலை இருந்தது. “பேஷா” என்றார்.

நான் பெட்டியைச் சுற்றி ஒருமுறை வந்து, மூடிகளையும் வயர் இணைப்புகளையும் பார்த்து, யாருடைய கையும் எதிலும் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். கம்ப்ரசர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். தேங்காயை மின்பெட்டிப் பக்கம் உடைக்காமல் சட்டத்தின் மறுபக்கம் உடைக்கச் சொன்னேன். தோட்டக்காரர் கைப்பிடியைப் பிடித்துக் கிழக்கே பார்த்து நின்று மேலே தூக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. ஹீட்டர் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, கரண்ட் ஓடுவதை அவரிடம் காட்டினேன். அவர் அந்த எண்ணைப் பார்க்கவில்லை.

“என்னப்பா, சத்தமே காணோம்?” என்றார் சொந்தக்காரர் ஒருவர்.

“அடுப்பு சத்தம் போடுமா?” என்றார் தோட்டக்காரரின் மனைவி. “வாங்க, கேசரி ஆறுது.”

வேன் பாட்டில்களோடு பழைய அறைக்கே திரும்பிப் போயிற்று. எல்லாரும் இறங்கிய பிறகு அம்மா கோலத்தில் உதிர்ந்த பூக்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தோட்டக்காரர் அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் போயிருந்தார். மறுநாள் வேலை உண்டா இல்லையா என்று ஒவ்வொரு நாளும் அவர்தான் சொல்வார். அன்று சொல்லவில்லை.

“எதுக்கும்மா பொட்டு வச்ச?” என்று கேட்டேன். அதைத்தான் கேட்கத் தோன்றியது.

“ஒன் கையெழுத்துன்னு தெரிஞ்சுச்சு. என்ன எழுதியிருக்குன்னுதேன் தெரியல. நல்லதாத்தேன எழுதியிருப்பன்னு வச்சேன்.”

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி வயர் சுற்றத் தொடங்கினார். எனக்கு அவரிடமும் ஒன்று சொல்ல இருந்தது. “அண்ணே, அவரு ஒங்களக் கேட்டப்ப நான் வாயத் தொறந்திருக்கணும்” என்றேன். “தொறந்திருந்தா நான் ஒங்காத்தா பேச்சக் கேட்டிருக்க முடியாதே” என்றார். வயரைச் சுற்றி முடித்துவிட்டு, சிரிக்காமல், “அடுத்த தடவ தொற” என்றார்.

புறப்படுவதற்குமுன் அந்த அட்டையை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக அம்மாவையும் மற்ற இரண்டு பெண்களையும், காவல்காரரையும் மாடிக்குக் கூப்பிட்டு, விளக்கைக் காட்டி, இது நாளைக் காலை வரை எரிய வேண்டும், புகையோ நெருப்போ வந்தால் மட்டும் இழுங்கள் என்று சொன்னேன். நால்வரையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். காவல்காரர் பத்தாவது வரை படித்தவர். அவர்தான் தப்பாகச் சொன்னார்.

மறுநாள் கூட்டமில்லை, மாலையில்லை. நல்ல நேரமா என்று யாரும் பார்க்கவில்லை. கம்ப்ரசரின் அடியில் கை வைத்தால் சூடு. கரண்டின் மூன்று பேஸும் சரியான வரிசையில் வருகின்றனவா என்று மீட்டரில் பார்த்தேன். வரிசை மாறினால் அந்தக் கம்ப்ரசர் பின்னோக்கிச் சுற்றும். அண்ணன் ஏணிப் பக்கம் நின்றுகொண்டார். சுவிட்சைப் போட்டேன். முதலில் விசிறி, கொஞ்சம் பொறுத்துக் கம்ப்ரசர். ஓர் உறுமல், பிறகு ஒரே சீரான முனகல். கேஸின் அழுத்தத்தைக் காட்டுகிற கேஜ் முட்கள் இரண்டும் ஒன்று ஏறி ஒன்று இறங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. அந்த நேரத்தில் காற்றும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எனக்கு அந்த முனகல் மட்டும் கேட்டது. அதன்பிறகு எத்தனையோ இயந்திரங்களை ஓடவிட்டிருக்கிறேன். அத்தனை கவனமாக எதையும் கேட்டதில்லை.

தோட்டக்காரர் தனியாக வந்தார். பாட்டில் அறைக்குள் போய்க் குளிர் வருகிற வாயில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரம் கழித்து நான் சூட்டுக்கு மாற்றினேன். ஆனி வெயிலில், பூட்டிய அறைக்குள், சூடான காற்று கொட்டத் தொடங்கியது. சட்டையெல்லாம் நனைந்து அவர் வெளியே வந்தார்.

“இந்த வெயில்ல எதுக்கும்மா சூடு?”

“மார்கழியில வேலை செய்யலன்னா அப்ப யாரு வந்து பாப்பா? ரெண்டையும் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.”

“ஒனக்கு எல்லாத்துக்கும் ஒண்ணு இருக்கு” என்றார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

நிழலில் உட்கார்ந்து தாளை நிரப்பினேன். அவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆங்கிலத்தில் இருந்ததால் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டம் வந்ததும் அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

“இதுல ஒங்காத்தா பேரு இருக்கா?”

“இல்லைங்கய்யா.”

“பின்ன யாரு மேல போட்ட?”

“எம் மேலதான். ஹீட்டர் அணைக்கப்பட்டது, எச்சரிக்கை அட்டை அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் புரிகிற விதத்தில் இல்லைன்னு எழுதியிருக்கேன்.”

“கம்பெனியில ஒன்னையத் திட்ட மாட்டாகளா?”

“திட்டுவாக.”

திட்டினார்கள். அது வேறு கதை. அவர் பேனாவை வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைத் தமிழில் எழுதினார். தாளைத் தள்ளிப் பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். ஏணியில் இரண்டு படி இறங்கியவர் நின்று, தலை மட்டும் மாடிக்கு மேலே தெரிய, “ஒங்காத்தாகிட்டச் சொல்லிரு. நாளைக்குக் கீழத் தோட்டத்துல தார் வெட்டு. வெள்ளன வரச் சொல்லு” என்றார்.

வீட்டுக்கு ஓடிப்போய் அதைச் சொன்னேன். அம்மா அகத்திக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“வராம எங்க போகப் போறேன்? நான் தார் சொமக்குற சும்மாடு அங்கனதேன கெடக்கு.”